முழங்கால் ஒப்பரேசன்: நோ வர முதலே ஏன் நோக்குளிசை?

கொக்குவில்_பிள்ளை

வணக்கம். அம்மாக்கு வாற செவ்வாய் வலது முழங்கால் மாத்துற ஒப்பரேசன். வயசு 68, சீனியும் பிறசரும் இருக்கு, ரீச்சரா இருந்தவ, நிண்டு நிண்டே படிப்பிச்ச கால், இப்ப ரெண்டு வருசமா கோயில் படி ஏற ஏலாது. நேற்று மயக்க மருந்து டொக்டரிட்ட காட்டினம், அவர் ஒரு துண்டில எழுதித் தந்தவர், ஒப்பரேசன் அண்டு விடிய 5 மணிக்கு செலிகொக்சிப் 200 மில்லிகிராம் ஒண்டு, பனடோல் ரெண்டு, ஒரு மிடறு தண்ணியோட போடச் சொல்லி. இது என்னெண்டு எனக்கு விளங்கேல்ல. காலை வெட்ட முதலே நோவுக்குக் குளிசையோ? அதோட ராவிலயிருந்து சாப்பிடக் கூடாது எண்டவை, வெறும் வயித்தில நோக்குளிசை போட்டா குடல் எரியாதோ? பக்கத்து வீட்டு மாமி வேற "நோக்குளிசை கிட்னியைத் திண்டிடும் பிள்ளை" எண்டு சொல்லி அம்மாவைப் பயப்படுத்தி விட்டிருக்கிறா. முதல் வேறொரு இடத்தில காட்டேக்க அங்க முதல் நாள் இரவு பிரிகபலின் (நரம்பு நோவுக்குக் குடுக்கிற குளிசை) 75 எண்டு எழுதினவை, இவர் அதை வெட்டிப்போட்டார். ஆருக்கும் அனுபவம் இருந்தாச் சொல்லுங்கோ.

பனங்கிழங்கு

வெறும் வயித்தில ஒரு நாள் ஒரு குளிசைக்கு ஒண்டும் ஆகாது, மாமியை வேற வேலை பாக்கச் சொல்லுங்கோ 😄

தியேட்டர்_மிஸ்

தங்கச்சி நான் கன வருசம் தியேட்டரில நிண்டனான், இப்ப பென்சன். நான் விளங்கின மாதிரிச் சொல்லுறன்.

இடுப்பில விறைப்பு ஊசி போட்டா அம்மாக்கு ஒண்டும் தெரியாது, பக்கத்தில நிக்கிற ஆக்களோட கதைச்சுக்கொண்டே இருப்பா. ஆனா அவவுக்குத் தெரியேல்ல எண்டதால அந்தக் காலுக்குத் தெரியாது எண்டில்லை. எலும்பு அரியினம், சவ்வு வெட்டினம், அந்த இடத்தில ப்ரொஸ்டகிளாண்டின் எண்ட ஒரு சாமான் ஊறத் தொடங்கும், அதுதான் வீங்க வைக்கிறதும் நரம்பைக் கூச வைக்கிறதும். விறைப்பு ரெண்டு மூண்டு மணித்தியாலத்தில இறங்கிப்போடும், ஊறினது அப்பிடியே நிக்கும். செலிகொக்சிப் செய்யிற வேலை அந்த ஊறலைக் குறைக்கிறது. விழுங்கி ரத்தத்தில வடிவாச் சேர ரெண்டு மூண்டு மணித்தியாலம் பிடிக்கும், அதுதான் விடியவே போடச் சொல்லுறது. வெட்டி முடிச்சு ஆள் முனகேக்க குடுத்தா அது வேலை செய்யத் தொடங்குமட்டும் அந்த மனுசி துடிக்க வேணும், அதை நான் எத்தினை பேரிட்டப் பாத்திருப்பன்.

இன்னொண்டு. நோ கனநேரம் நிண்டா முள்ளந்தண்டுக்குள்ள இருக்கிற நரம்பே பழுதாகின மாதிரி, சின்னதைப் பெரிசாக்கி அனுப்பும். கோயில் லவுட்ஸ்பீக்கரை ஆரோ முழுசாத் திருகி விட்டிட்டுப் போன மாதிரி, பேந்து ஐயர் மெதுவாச் செருமினாலும் ஊருக்கே கேக்கும். பிறகு சீலை பட்டாலும் நோகுது எண்டுவினம். அந்தத் திருகலை முதலே மறிக்கிறதுதான் இந்த முன்கூட்டிக் குடுக்கிற யோசனை.

சாப்பாடு 6 மணித்தியாலம் முதல் நிப்பாட்டிறது, வெறும் தண்ணி 2 மணித்தியாலம் மட்டும் குடிக்கலாம், அதால ஒரு மிடறு தண்ணி பிரச்சினை இல்லை. பாலும் பால்தேத்தண்ணியும் தண்ணிக்கணக்கில்லை, அதைக் கவனியுங்கோ, எங்கட அம்மாமார் "பால்தேத்தண்ணி சாப்பாடோ" எண்டு கேட்டுக் குடிச்சுப்போட்டு வருவினம், பிறகு ஒப்பரேசன் பிந்தும்.

கொக்குவில்_பிள்ளை

மிஸ் கோடி நன்றி, லவுட்ஸ்பீக்கர் கதையை அம்மாக்கு வாசிச்சுக் காட்டினன், சிரிச்சவ. கிட்னிக் கதை மட்டும் இன்னும் போகேல்ல.

மருந்துக்கடைக்காரன்

மாமி சொன்னது முழுப்பொய் இல்லை, அதால நான் கொஞ்சம் நீளமாச் சொல்லுறன், பொறுத்து வாசியுங்கோ.

அம்மா பிறசருக்கு என்ன போடுறா? லொசாட்டனோ எனலபிறிலோ போட்டு, அதோட மூத்திரம் போற குளிசையும் இருந்து, அதுக்கு மேல டைக்குளோபினாக் செலிகொக்சிப் மாதிரி ஒரு நோக்குளிசையும் சேர்ந்தா, மூண்டும் மூண்டு பக்கத்தால கிட்னியை நெரிக்கும். ராவு முழுக்கத் தண்ணியில்லாம, ஒப்பரேசனில ரத்தமும் போய், அந்த நேரத்தில இது நடந்தா கிரியாட்டினின் (கிட்னி எப்பிடி வேலை செய்யுது எண்டு காட்டிற ரத்த அளவு) ஏறும். அதுக்குத்தான் முதலே ரத்தம் எடுத்துப் பாக்கிறது. ரிப்போட் நல்லா இருந்து டொக்டரும் பாத்து எழுதினா ரெண்டொரு நாளைக்குப் பயமில்லை. மாரடைப்பு, பைபாஸ், பக்கவாதம், குடல்புண் வந்தாக்கள், சல்ஃபா மருந்து ஒத்துவராதாக்கள், இவை செலிகொக்சிப் விசயத்தை வாய்திறந்து சொல்ல வேணும். அதே குடும்பத்து ரொஃபிகொக்சிப்பை 2004 இல மாரடைப்புப் பிரச்சினையால உலகம் முழுக்க எடுத்தவை, ஞாபகம் இருக்கிறாக்கள் இருப்பியள். செலிகொக்சிப் தப்பி நிண்டது, எண்டாலும் இதயக்காரருக்குக் கவனம்தான்.

மெற்போமின் எண்ட சீனிக்குளிசையும் பிறசர்க்குளிசையும் அண்டு விடிய போடுறதோ விடுறதோ எண்டதை மயக்க மருந்து டொக்டரிட்டத் தனியாக் கேளுங்கோ. பார்மசியில நிண்டு என்னை மாதிரி ஆக்களிட்டக் கேக்கிற விசயம் இல்லை அது.

பிரிகபலினை வெட்டினது நல்லது எண்டுதான் நான் சொல்லுவன். ஒரு காலம் எல்லாருக்கும் முதல் நாள் குடுத்தவை, இப்பவும் சில இடத்தில பழக்கத்தில எழுதினம். 2020 இல 280க்கு மேற்பட்ட ஆய்வுகளைச் சேர்த்துப் பாத்தவை, நோ குறையிறது ஆளுக்குத் தெரியிற அளவுக்கில்லை, தலைச்சுத்து மட்டும் கூட. அதுக்கு முதலே 2019 கடைசியில அமெரிக்காவில, வயசான ஆக்களுக்கும் மோர்பின் வகையோட சேர்த்துக் குடுக்கேக்கயும் மூச்சு மந்தமாகும் எண்டு எச்சரிக்கை போட்டவை. புது முழங்காலோட தலைசுத்தி விழுந்தா என்ன கதி? ஆனா ஏற்கனவே நீரிழிவு நரம்பு எரிவுக்கு அதைப் போட்டுக்கொண்டிருக்கிறாக்கள் தாங்களாத் திடீரெண்டு நிப்பாட்டக் கூடாது, அது வேற விசயம்.

ஸ்காபரோ_சிவா

இங்க கனடாவில அப்பாக்கு போன வருசம் செய்தது, அடுத்த நாளே வீட்ட அனுப்பிப்போட்டாங்கள். முதல் குடுத்தது இதே ரெண்டும்தான், ரைலினோல் எண்டுவம் பனடோலை. வீட்ட வர ஹைட்ரோமோர்ஃபோன் எண்ட மோர்பின் வகைக் குளிசை தந்தவை, அப்பா ரெண்டாம் நாள் இரவு சுவரில பல்லி வரிசையாப் போகுது, துரத்து எண்டு தும்புத்தடியைக் கேக்கிறார். பல்லி இந்தக் குளிருக்கு எங்க வாறது! அதோட 5 நாள் வெளிக்குப் போகேல்ல. அதால மோர்பின் வகை எவ்வளவு குறையுதோ அவ்வளவு நல்லம், முதலே இந்தச் சின்ன மருந்துகளைக் குடுக்கிறதின்ர லாபம் அதுதான் எண்டு எங்கட நேர்ஸ் சொன்னவ.

பனங்கிழங்கு

தும்புத்தடி 😂😂 அங்கயும் கொண்டு போட்டியளோ

வைத்தியர்_வீட்டுப்பேரன்

உந்த இங்கிலீஸ் மருந்து ஒண்டும் தேவையில்லை. ஒப்பரேசனுக்கு ஒரு கிழமை முதல் இருந்து பிண்டத்தைலம் பூசி நொச்சி இலை ஒத்தணம் குடுத்தா நரம்பு இளகி நோ பாதியாகும். எங்கட தாத்தா காலத்திலயே செய்த முறை.

ஆவரங்கால்_பென்சனியர்

தம்பி கோவிக்காதையும். நான் ரெண்டு முழங்காலும் மாத்தினவன், இடது முதல், 14 மாதம் கழிச்சு வலது. சித்த வைத்தியத்தில எனக்கு நம்பிக்கை இருக்கு, கைதடிக்குப் போய் நாரிக்கு மருந்து எடுத்து சுகமானவன் நான். ஆனா ஒப்பரேசனுக்குக் கிட்ட ஒத்தணம் குடுத்து நான் பட்ட பாட்டைக் கேளும். இடது காலுக்கு முதல் கிழமை மனுசி சுடச்சுட ஆமணக்கிலை வாட்டிக் கட்டினவ, விடிய அவிழ்க்க முழங்காலுக்குக் கீழ ரெண்டு ரூவாக் குத்தியளவில கொப்பளம். வாட்டில படுத்திருக்கிறன், சேஜன் வந்தார், துணியை விலத்தினார், பாத்தார், "ஐயா வீட்ட போங்கோ" எண்டார். தோலில புண் இருந்தா கிருமி உள்ள போயிடும், உலோகத்தில ஒட்டினா பிறகு கழட்டத்தான் வேணும் எண்டு விளங்கப்படுத்தினவர். ஆறு கிழமை பிந்திச்சுது. அந்த ஆறு கிழமையும் மனுசி என்னோட முகம் குடுத்துக் கதைக்கேல்ல, தான் செய்த பிழைக்கு என்னில கோவம்.

காயம் முழுக்க ஆறி டொக்டரும் ஓம் எண்டால் தைலம் பூசலாம், அதுக்கு முதல் ஒண்டும் வேண்டாம். என்ன கலந்திருக்கு எண்டு தெரியாத சூரணம் குளிசை இருந்தாலும் சொல்லிப்போடுங்கோ, ஒளிக்கக் கூடாது.

இப்ப தங்கச்சிக்கு. முதல் காலுக்கு எனக்கு முன்னுக்கு ஒரு குளிசையும் தரேல்ல, வாட்டுக்கு வந்த பிறகு ஊசிதான். ரெண்டாவதுக்கு முன்னுக்குத் தந்து, முழங்காலுக்குள்ளயும் சுத்திவர மருந்து ஏத்தி, தொடையிலயும் ஒரு நரம்பு ஊசி போட்டவை. ரெண்டுக்கும் மலைக்கும் மடுவுக்கும் வித்தியாசம். ஆனா ஒண்டு சொல்லுறன், அந்தச் சுகத்தை நம்பி நான் ஏமாந்தும் போனன். அண்டைக்குப் பின்னேரம் பேப்பர் வாசிச்சுக்கொண்டு கிடக்கிறன், நேர்ஸ் பிள்ளை குளிசை கொண்டு வந்திச்சு, "நோ இல்லைப் பிள்ளை, ஏன் வீணா" எண்டு திருப்பி அனுப்பினன். ராவு ரெண்டு மணி இருக்கும். அம்மாளாச்சி! தொடை ஊசி விட்டுப்போச்சு. மெல்ல மெல்ல வரேல்ல, ஆரோ கதவைத் திறந்து விட்ட மாதிரி ஒரேயடியா வந்திச்சு.

தியேட்டர்_மிஸ்

ஐயா சொல்லுற இடம்தான் முக்கியம். அந்தத் தொடை ஊசி 12 மணித்தியாலத்தில இருந்து ஒரு நாள் மட்டும் நிக்கும், அனேகமாச் சாமத்திலதான் விடும். விட முதல் குளிசை உள்ளுக்கு நிக்க வேணும். முந்தி தொடையின்ர மேல்ப்பக்கத்தில போடுறது, அதில நோ போகும் ஆனா காலையே தூக்க ஏலாது, எழும்பி விழுந்த ஆக்களும் உண்டு. இப்ப கொஞ்சம் கீழ இறக்கிப் போடினம், தசை பெரிசாச் சோராது, அடுத்த நாளே நடத்தலாம்.

மருந்துக்கடைக்காரன்

மிஸ்ஸின்ர லவுட்ஸ்பீக்கர் கதைக்கு ஒரு சின்ன திருத்தம், கோவிக்காதையுங்கோ. 1983 இல வூல்ஃப் எண்டவர் எலியில செய்து காட்டின விசயம் அது, முள்ளந்தண்டு நரம்பு கூசிப்போறது. அதை வைச்சு 80களின்ர கடைசியில வெட்ட முதலே மருந்து குடுத்தா நோவே வராது எண்டு பெரிய எதிர்பார்ப்பு வந்தது. பிறகு ஆக்களில ஒரே மருந்தை முன்னுக்கும் பின்னுக்கும் குடுத்து ஒப்பிட்டுப் பாத்தா, 2002 இல எல்லாத்தையும் சேர்த்துப் பாத்தவை, முன்னுக்குக் குடுத்ததால மட்டும் பெரிய வித்தியாசம் எண்டு கனக்க மருந்துக்குச் சொல்ல ஏலாமப் போச்சு. ஏனெண்டா வெட்டுற நேரத்தோட முடியிற சண்டை இல்லை இது, மூண்டு நாலு நாள் வீங்கிக்கொண்டே இருக்கும். அதால முன்னுக்குப் போடுற ரெண்டு குளிசையை மந்திரம் எண்டு நினைக்காதையுங்கோ. அது முதல் தவணை, அவ்வளவுதான். அடுத்த தவணையளை நேரத்துக்குக் கட்டாட்டி முதல் கட்டினது வீண். பென்சனியர் ஐயா பேப்பர் வாசிச்ச கதை அதுதானே.

கொக்குவில்_பிள்ளை

எல்லாருக்கும் நன்றி. கிரியாட்டினின் நல்லா இருக்கெண்டு டொக்டர் சொன்னவர். லொசாட்டன் அண்டு வேண்டாம், மெற்போமினும் வேண்டாம் எண்டு சொல்லியாச்சு. செவ்வாய்க்குப் பிறகு எழுதுறன், கும்பிட்டுக்கொள்ளுங்கோ.

கொக்குவில்_பிள்ளை

(வெள்ளிக்கிழமை)

அம்மா நல்லா இருக்கிறா, ஆனா ஒரு கதை சொல்ல வேணும், நான் நித்திரையில்லாம எழுதுறன் பிழை இருந்தா மன்னியுங்கோ. செவ்வாய் ஒப்பரேசன் ஒண்டரை மணித்தியாலம், வெளியில வந்து என்னைப் பாத்துக் கேட்ட முதல் கேள்வி "மாட்டுக்குத் தண்ணி வைச்சியளோ". பின்னேரம் கால்விரலை ஆட்டிக் காட்டினவ. நான் ஐயான்ர கதையை ஞாபகம் வைச்சு இரவு 10 மணிக்குப் பனடோலைக் கட்டாயப்படுத்திப் போட வைச்சன், அந்த இரவு பெரிசா ஒண்டுமில்லை. எல்லாரும் முதல் இரவைத்தான் சொன்னியள், எங்களுக்கு ரெண்டாவது இரவுதான் காலன்.

என்ன நடந்தது எண்டா, நேர்ஸ் ஒவ்வொருக்காவும் வந்து "அம்மா பூச்சியத்தில இருந்து பத்துக்குள்ள நோ எத்தினை" எண்டு கேட்டவை, அம்மா ஒவ்வொருக்காவும் "மூண்டு" எண்டவ. முகத்தைப் பாத்தா மூண்டு மாதிரி இல்லை, கட்டில் கம்பியைப் பிடிச்ச கை வெள்ளையாப் போய்க் கிடக்கு. நான் தனியக் கேட்டன், ஏனம்மா மூண்டு எண்டுறீங்கள் எண்டு. "ஐஞ்சுக்கு மேல சொன்னா மோர்பின் போடுவினமாம், பக்கத்துக் கட்டில் ஆள் சொன்னவ, அது போட்டா அடிமையாகிப் போவமாம், நான் மூண்டு பிள்ளை பெத்தனான், பங்கருக்குள்ள கிடந்தனான், உது என்ன நோ" எண்டு. பிஸியோப் பிள்ளை வந்து காலை மடக்கச் சொல்ல 40 பாகை கூட வரேல்ல, பல்லைக் கடிச்சுக்கொண்டு "ஏலும் ஏலும்" எண்டுறா, கால் ஏலாது எண்டுது.

நான் போய் நேர்ஸிட்டச் சொன்னன், அம்மான்ர மூண்டு எண்டது எட்டு எண்டு. அந்தப் பிள்ளை வந்து நம்பரை விட்டிட்டு வேற மாதிரிக் கேட்டிச்சு, குத்துதோ, உளையுதோ, எரியுதோ, விண்விண் எண்டு தெறிக்குதோ, திரும்பிப் படுக்க ஏலுதோ, கக்கூசுக்கு எழும்ப மனம் வருதோ எண்டு. அதுக்கு அம்மா கதைக்கத் தொடங்கினா, நிப்பாட்டேல்ல! முழங்காலுக்குப் பின்பக்கம் உளைவு, சிரட்டைக்கு மேல எரிவு, கணுக்கால் மட்டும் இழுக்குது எண்டு ஒரு பாடமே எடுத்தவ. பிறகு டொக்டர் வந்து மருந்தை மாத்தி, ஒரு சின்ன அளவு மோர்பினும் குடுத்து, பிஸியோ வர ஒரு மணித்தியாலம் முதல் குளிசை போடச் சொல்லி எழுதினவர். இண்டைக்கு 75 பாகை.

ஒண்டு கேக்க மறந்திட்டன், சீனி 240க்கு ஏறிப்போச்சு, முந்தி அப்பிடி ஏறினதில்லை.

தியேட்டர்_மிஸ்

ஒப்பரேசன் நேரம் டெக்சமெதசோன் எண்ட ஸ்டீரொயிட் மருந்து ஏத்தியிருப்பினம், நோவுக்கும் சத்திக்கும் நல்லம், சீனியை ஒரு நாள் ரெண்டு நாள் ஏத்தும். ஒப்பரேசனே உடம்புக்கு ஒரு அதிர்ச்சிதானே, அதாலயும் ஏறும். வாட்டில சொல்லுங்கோ, இன்சுலின் போட்டுப் பாப்பினம், சீனி கூட நிண்டா காயம் ஆறாது. அந்த நேர்ஸ் பிள்ளைக்கு என்ர கும்பிடு.

அடிமையாகிறது எண்ட கதை: காயத்து நோவுக்கு டொக்டரின்ர அளவில நாலைஞ்சு நாள் போடுறதால அப்பிடி ஆகிறது குறைவு. வீட்ட மாதக்கணக்கா இழுத்துப் போடுறதுதான் பிரச்சினை. அம்மாக்கு இதை நீங்கள் சொல்லாதையுங்கோ, டொக்டரைக் கொண்டு சொல்லுவியுங்கோ, ரீச்சர்மார் பிள்ளையளின்ர சொல் கேக்காயினம்.

மருந்துக்கடைக்காரன்

வீட்ட போகேக்க ஒரு கொப்பியில நேரம் எழுதி வையுங்கோ. பனடோல் 500 மில்லிகிராம் ரெண்டு, ஆறு மணித்தியாலத்துக்கு ஒருக்கா, ஒரு நாளைக்கு 8 க்கு மேல வேண்டாம், தடிமல் குளிசைக்குள்ளயும் பரசிற்றமோல் இருக்கும் அதையும் கணக்கில எடுங்கோ. அம்மா மெலிஞ்ச ஆள் எண்டா இன்னும் குறைவாச் சொல்லுவினம், கேளுங்கோ. செலிகொக்சிப் தந்த நாளுக்கு மட்டும். வீட்டில கிடக்கிற டைக்குளோபினாக்கை ஆரும் அன்பில குடுத்திடாதையுங்கோ, முக்கியமா பக்கத்து வீட்டு மாமி.

ஸ்காபரோ_சிவா

முழங்காலுக்குக் கீழ தலையணை வைக்க விடாதையுங்கோ, சுகமாத்தான் இருக்கும், ஆனா கால் நிமிராமலே இறுகிப்போகும். அப்பா அப்பிடித்தான் செய்து இப்பவும் கொஞ்சம் மடிஞ்ச மாதிரித்தான் நடக்கிறார். குதிக்காலுக்குக் கீழ துவாயைச் சுருட்டி வையுங்கோ. ஐஸ் 15, 20 நிமிசம், துணி சுத்தித்தான்.

ஆவரங்கால்_பென்சனியர்

கெண்டைக்கால் ஒரு பக்கம் மட்டும் வீங்கி நொந்தா, மூச்சு இழுத்தா, காய்ச்சலோட காயத்தால நீர் வடிஞ்சா பனடோலைப் போட்டுப்போட்டுப் பாத்துக்கொண்டிருக்காதையுங்கோ, உடன கொண்டு ஓடுங்கோ.

கொக்குவில்_பிள்ளை

(மூண்டாம் கிழமை)

கிளிப் எல்லாம் கழட்டியாச்சு. 100 பாகை மடியுது. மோர்பின் வகை ஒண்டும் இல்லை, பனடோல் மட்டும், அதுவும் உடற்பயிற்சிக்கு முதலும் படுக்கேக்கயும். இரவில உளைவு இன்னும் இருக்கு, ஒரு மணிக்கு எழும்பி வோக்கரோட விறாந்தையில நடக்கிற சத்தம் கேக்கும். இப்ப நோ எத்தினை எண்டு கேட்டா அம்மா நம்பர் சொல்லுறேல்ல, "இண்டைக்கு உளைவு, எரிவில்லை" எண்டு சொல்லுவா, நான் கொப்பியில அப்பிடியே எழுதுறன். நல்லூர்த் தேருக்கு நிப்பன் எண்டு அடம்பிடிக்கிறா, தூரத்தில கதிரை போட்டு இருத்தலாம் எண்டு சமாளிச்சு வைச்சிருக்கிறன்.

எங்கட வீட்டில இருக்கிறது குந்தியிருக்கிற கக்கூஸ். இப்போதைக்கு வாடகைக்கு ஒரு கதிரை எடுத்து வைச்சிருக்கிறம், அது ஆடுது. உயரமான கொமட் ஸ்டாண்ட் ஆரிட்டயும் இருக்கோ?

ஆவரங்கால்_பென்சனியர்

என்னட்டச் சும்மா கிடக்கு, வந்து எடுங்கோ. ஒரு காலில ரப்பர் தேஞ்சு போச்சு, அதை மட்டும் புதுசாப் போட்டுப்போட்டு அம்மாவை இருத்துங்கோ.

கொக்குவில்_பிள்ளை

நாளைக்குப் பின்னேரம் தம்பியை ஓட்டோவோட அனுப்புறன் ஐயா.